கலங்கிய கிணறு தெளிய...

காலையில் எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறீர்கள். வாளியை இறக்கி இழுக்கிறீர்கள. மேலே வந்ததைப் பார்த்தால் தண்ணீரா, நேற்றைய மிச்சக் காப்பியா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. இன்னொரு வாளி, இன்னொரு வாளி என்று இழுக்க இழுக்க நிறம் அழுத்தமாகிறதே தவிர, குறைகிற வழியாக இல்லை. குழம்புக்குப் புளி கரைக்க வேண்டும். குழந்தையின் பள்ளிக்கூடச் சட்டையைத் துவைக்க வேண்டும். என்ன செய்வது?

"எங்கள் வீட்டில் வாளியும் இல்லை, கயிறும் இல்லை, மோட்டாரைப் போட்டு மாடித் தொட்டியில் ஏற்றிவிடுகிறோம்" என்று சொல்கிறவர்களுக்கும் கஷ்டம் அதேதான். அவர்களுக்குக் காப்பி குழாயில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பத்துப் பதினைந்தடி, மிஞ்சினால் இருபதடி ஆழமுள்ள வீட்டுக் கிணறுகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. மண்ணைத் தோண்டி, வளையம் வளையமாக உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்குகிற வித்தை நமக்கு நேற்று வந்ததல்ல. அரிக்கமேட்டிலும் கீழடியிலும் தோண்டிப் பார்த்தபோது சுட்ட மண் உறைகளால் ஆன கிணறுகள் அகப்பட்டன. இப்போது சுட்ட மண்ணுக்குப் பதில் சிமெண்டு உறை. போர் போட்ட பிறகு இந்தக் கிணறுகளுக்கு மதிப்புப் போயிற்று. பல வீடுகளில் மேலே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் பூந்தொட்டியையும் வைத்துவிட்டார்கள். 2019-ஆம் வருஷக் கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு போனபோதுதான், "நம் கொல்லையில் ஒரு கிணறு இருந்ததே!" என்று பலருக்கு ஞாபகம் வந்தது. பூந்தொட்டியை நகர்த்திவிட்டு எட்டிப் பார்த்தால் உள்ளே சேறு.

கிணறு கலங்கினால் உடனே படிகாரக் கட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வைத்தியத்துக்கு முன்னால் நோய் இன்னதென்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்கு டாக்டர் வேண்டாம். ஊறுகாய் ஜாடி ஒன்று போதும். ஒரு சாண் உயரமுள்ள கண்ணாடி ஜாடியை நன்றாகக் கழுவி, அதில் கலங்கல் தண்ணீரை ஊற்றி, குலுக்கி, சமையலறை ஜன்னலில் அசையாமல் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்.

அரை நிமிஷத்துக்குள் அடியில் ஏதாவது படிந்தால் அது மணல். முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்துப் படிந்தால் அது வண்டல். மறுநாள் காலையிலும் ஜாடி அப்படியே மங்கலாக நின்றால் அது களிமண். துகளின் பருமன் பத்தில் ஒரு பங்கானால், அது தண்ணீரில் இறங்கும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால்தான் நுண்ணிய களிமண் ஒரு சாண் உயரம் இறங்குவதற்கு ஏறக்குறைய மூன்று நாள் எடுத்துக்கொள்கிறது. அதிலும் பொடியானது படியவே படியாது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மணல் படிந்தால் குற்றவாளி பெரும்பாலும் மோட்டார். அதன் உறிஞ்சு குழாயின் நுனியில் இருக்கும் ஃபுட் வால்வு அடிமண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும். அல்லது ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஓட்டியிருப்பீர்கள். தண்ணீரை வேகமாக எடுத்தால், அந்த இடத்தை நிரப்ப ஊற்றும் வேகமாகப் பாய்கிறது. பாயும்போது சும்மா வருமா? மணலையும் அழைத்துக்கொண்டு வருகிறது. வால்வை அடியிலிருந்து ஒன்றரை அடி தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். பத்துப் பத்து நிமிஷமாக, இடையில் அரை மணி விட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பல வீடுகளில் இதோடு காரியம் முடிந்துவிடும். ஆளும் வேண்டாம், கூலியும் வேண்டாம்.

வண்டல் என்றால் தூர் ஏறிவிட்டது என்று அர்த்தம். களிமண் என்றால், அதுவும் மழைக்கு மறுநாள் மட்டும் கலங்குகிறது என்றால், தெருத் தண்ணீரோ முற்றத்துத் தண்ணீரோ மேலிருந்து உள்ளே வழிகிறது. அல்லது உறைகளுக்கு நடுவே உள்ள சந்து வழியாகப் புகுகிறது. இந்த மூன்றாவது வகைதான் பொல்லாதது. தெருவிலிருந்து வருவது மண் மட்டுமாக இருக்காது.

இன்னொரு தினுசும் உண்டு. இறைக்கும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். குடத்தில் இரண்டு மணி நேரம் வைத்தால் மஞ்சளித்து, மேலே எண்ணெய்ப் படலம் போல ஓர் ஏடு கட்டும். வெள்ளை வேட்டி பழுப்பேறும். இது மண் அல்ல. தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு, காற்றுப் பட்டுத் துருவாக மாறுகிறது. இதற்குத் தூர் வாரிப் பிரயோஜனம் இல்லை. தண்ணீரை உயரத்திலிருந்து சிறு தாரையாக ஊற்றி ஆற்றி, படிய விட்டு, மணல் வழியாக வடிகட்ட வேண்டும்.

தூர் வாருவதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் தண்ணீர் மட்டம் தரை தட்டிக் கிடக்கும்போதுதான் அடி வரைக்கும் போக முடியும். ஐப்பசி அடைமழையில் கிணறு கலங்கிற்றே என்று மோட்டாரைப் போட்டு ஒட்ட இறைக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. அது கூடவே கூடாது. வெளியே மண் முழுவதும் தண்ணீரில் ஊறிக் கனத்து நிற்கும்போது, உள்ளே திடீரென்று காலி செய்தால், உறைகள் அந்தப் பாரம் தாங்காமல் நழுவிச் சரியக்கூடும். மழைக் காலத்துக் கலங்கலைப் பொறுத்துக்கொண்டு, தண்ணீரைப் பாத்திரத்தில் தெளிய வைத்துக்கொள்வதுதான் நல்லது. (அதற்கு வழி பின்னால் சொல்கிறேன்.) கோடை வந்ததும் ஆளைக் கூப்பிடுங்கள்.

ஆள் வந்தாயிற்று. இனிமேல் சொல்வதைத் தயவு செய்து இரண்டு தரம் படியுங்கள். வீட்டில் ஆண்கள் ஆபீசுக்குப் போன பிறகு தூர்க்காரர்களை வைத்து வேலை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான்.

மூடிக் கிடந்த கிணற்றில், அழுகிய இலையும் சேறும் காற்றிலுள்ள பிராண வாயுவைத் தின்றுவிட்டு, கரியமில வாயுவை நிரப்பி வைத்திருக்கும். அது காற்றைவிடக் கனமானது. மேலே வராமல் அடியிலேயே படுத்திருக்கும். சேற்றைக் கிளறினால் அழுகல் முட்டை நாற்றமுள்ள விஷ வாயுவும் கிளம்பும். அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப் போய், நாற்றமே தெரியாமல் போய்விடும் என்பதுதான் இதில் பயங்கரம். இறங்கியவர் இரண்டு மூச்சு இழுப்பதற்குள் மயங்கிவிடலாம். "அண்ணே!" என்று அலறிக்கொண்டு காப்பாற்ற இறங்கியவரும் அவர்மேலேயே விழுவார். அவரைப் பார்த்து மூன்றாமவர். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் இப்படிப் போன செய்தியை நீங்களும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

அந்தக் காலத்தில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் இறங்க மாட்டார்கள். அணைந்தால் இறங்கக் கூடாது என்பது சரி. ஆனால் அணையாவிட்டால் இறங்கலாம் என்பது சரியல்ல. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே ஆளைக் கொல்லக்கூடிய அளவுக்கு விஷ வாயு இருக்க முடியும். சேற்றிலிருந்து எரியும் வாயு கிளம்பியிருந்தால் விளக்கே தீயை மூட்டிவிடும். ஆகையால் முதல் நாளே மூடியைத் திறந்து போடுங்கள். இறங்குவதற்கு முன் மேஜை விசிறியோ ஊதுகுழாயோ வைத்து அடி வரைக்கும் நல்ல காற்றைச் செலுத்தச் சொல்லுங்கள். வேலை நடக்கிற வரைக்கும் அது ஓடட்டும். மின்சாரம் இல்லையென்றால், வேப்பங்கிளையைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்குவதும், வாளித் தண்ணீரைப் பூவாளி மாதிரி தெளிப்பதும் காற்றைக் கொஞ்சம் கலக்கும். அதை மட்டும் நம்பி நெடுநாள் மூடியிருந்த கிணற்றில் இறங்க விடாதீர்கள். வாயுவை அளக்கும் சின்னக் கருவி இப்போது வந்திருக்கிறது. அது வைத்திருக்கும் ஆட்களாகப் பார்த்து அமர்த்தினால் நிம்மதி.

இறங்குகிறவர் இடுப்பில், அக்குளோடு சேர்த்து, கயிறு கட்டியிருக்க வேண்டும். மேலே இருவர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடியே நிற்க வேண்டும். பதில் வரவில்லையென்றால் இழுக்க வேண்டியதுதான். யாரும் இறங்கக் கூடாது. தீயணைப்பு நிலையத்துக்கு 101. பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஓட்டவே கூடாது. அதன் புகையே விஷம். மின்சார மோட்டார் தண்ணீரில் இருக்கும்போதும் ஆள் இறங்கக் கூடாது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது; பிளக்கைப் பிடுங்கி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாதம்மா, முப்பது வருஷமாக இறங்குகிறேன்" என்று சொல்வார்கள். சொல்லட்டும். கயிறு இல்லாமல் வேலை இல்லை என்று நீங்கள் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பிறகு வேடிக்கைதான். சேறு கூடை கூடையாக மேலே வரும். கூடவே, மூன்று வருஷத்துக்கு முன் காணாமல் போன வெண்கலச் செம்பு, நாலைந்து ஸ்பூன், ஒரு கிரிக்கெட் பந்து, சோப்புப் பெட்டி, யார் தலையிலோ இருந்த ஹேர்பின் எல்லாம் வரும். வேலைக்காரி எடுத்துப் போய்விட்டாள் என்று நீங்கள் வைது தீர்த்த கரண்டியும் வரலாம். அந்தச் சேற்றைக் கிணற்றடியிலேயே கொட்ட விடாதீர்கள். அடுத்த மழையில் அத்தனையும் திரும்ப உள்ளே போய்விடும். தூரத்தில் வாழையடியில் கொட்டினால் வாழைக்கும் சந்தோஷம்.

அடியில் கெட்டி மண் தட்டியதும் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் இரண்டடி தோண்டினால் ஜலம் பெருகும்" என்று ஆசை காட்டினாலும், உறைக்குக் கீழே தோண்டுவது ஆபத்து. மேலேயுள்ள உறைகளுக்குப் பிடிமானம் போய்விடும். உள்சுவரில் படிந்திருக்கும் பாசியை முரட்டுத் தூரிகையால் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். தரை மட்டத்திலிருந்து ஒரு பத்தடி வரைக்கும் உள்ள உறைச் சந்துகளைச் சிமெண்டுக் கலவையால் அடைக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றை விட்டுவிடலாம். மேல் மண்ணின் அழுக்கு நீர் நேரே புகாமல் தடுப்பதற்குத்தான் இந்த அடைப்பு. மண்ணுக்குள் அத்தனை தூரம் கீழே இறங்கி வருவதற்குள் தண்ணீர் தானாகவே வடிகட்டப்பட்டுவிடும்.

அடியில் என்ன போடுவது? ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஒருவர் கரி என்பார், ஒருவர் உப்பு என்பார், ஒருவர் சுண்ணாம்பு என்பார். நெல்லிக் கட்டை போடுவது நம் பக்கத்திலும் கேரளத்திலும் பழைய வழக்கம். போட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் மண் கிளம்பாமல் தடுப்பது அது அல்ல, மணலும் கல்லும்தான். அதிலும் வரிசை முக்கியம். வீட்டில் தண்ணீர் வடிகட்ட மேலே மணல், கீழே கூழாங்கல் என்று அடுக்குகிறோம். கிணற்றில் தண்ணீர் கீழேயிருந்து மேலே வருகிறது. ஆகவே வரிசையும் தலைகீழ்: முதலில் அரையடி பருமணல், அதன்மேல் அரையடி பட்டாணியளவு கல், எல்லாவற்றுக்கும் மேலே அரையடி எலுமிச்சையளவு கூழாங்கல். களிமண் அடியை மணல் பிடித்துக்கொள்ளும். மணலைச் சின்னக் கல் பிடித்துக்கொள்ளும். வாளி வந்து இடித்தாலும் பெரிய கல் அசையாது. மணலையும் கல்லையும் நன்றாகக் கழுவிவிட்டுப் போட வேண்டும். கழுவாமல் போட்டால் கடையிலிருந்து கலங்கலை விலைக்கு வாங்கிக் கிணற்றில் கொட்டிய கதைதான்.

ஊறிவரும் முதல் தண்ணீரை இரண்டு தரம் இறைத்துக் கொட்டிவிட்டு, மூன்றாவது தரம் ஊறுகிற தண்ணீருக்கு மருந்து போட வேண்டும். மருந்து, பிளீச்சிங் பவுடர். கலங்கல் தெளியும் முன்பே இதைப் போடுகிறவர்கள் உண்டு. அது வீண். மருந்தைச் சேறே தின்றுவிடும். கிருமிகள் சேற்றுத் துகளுக்குள் ஒளிந்துகொண்டு தப்பிவிடும்.

கணக்கு சுலபம். மூன்றடி அகலமுள்ள உறைக் கிணற்றில் ஓர் அடித் தண்ணீர் என்பது சுமார் 200 லிட்டர். ஐந்தடித் தண்ணீர் நின்றால் 1,000 லிட்டர். நாலடி அகலமென்றால் அடிக்குச் சுமார் 350 லிட்டர். சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். தூர் வாரிய பிறகும் வெள்ளம் வடிந்த பிறகும் ஐந்து கிராம். கண் திட்டமாக அள்ளாமல் எடை போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக உடைத்த பொட்டலத்தில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். போன வருஷம் வாங்கி ஈரம் பட்டுக் கட்டி தட்டியதில் சுண்ணாம்புதான் மிஞ்சும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பவுடரை ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கிப் பத்து நிமிஷம் வையுங்கள். அடியில் சுண்ணாம்பு படியும். தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் வடித்து, அந்த வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டினால் நன்றாகக் கலந்துவிடும். படிந்த சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டாதீர்கள். தண்ணீர் கடினமாகிப் பருப்பு வேகாது. குறைந்தது ஒரு மணி நேரம் தண்ணீரைத் தொடக்கூடாது. இரவில் போட்டுக் காலையில் எடுத்தால் சிலாக்கியம். மற்ற எந்தக் கழுவும் திரவத்தோடும், முக்கியமாக ஆசிட்டோடு, இந்தப் பவுடரைச் சேர்க்கக் கூடாது.

இப்போது மழைக் காலத்துக்கு வருவோம். கிணற்றில் கை வைக்க முடியாத நாளில் குடத்துத் தண்ணீரைத் தெளிய வைக்க நம் பாட்டிமாருக்குத் தெரிந்த வழி தேற்றாங்கொட்டை. சங்கப் புலவர்களுக்கும் இது தெரியும். கலித்தொகையில் இதை உவமையாகவே வைத்துப் பாடியிருக்கிறார்கள். மண் பானையின் உட்புறத்தில் கொட்டையைச் சந்தனம் இழைப்பது போல இழைத்து, தண்ணீரை ஊற்றிக் கலக்கி வைத்தால், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் இறங்கிவிடும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். முருங்கை விதைக்கும் இதே குணம் உண்டு. சூடான் தேசத்துப் பெண்கள் நைல் நதியின் கலங்கலை முருங்கை விதைப் பொடியால்தான் தெளிய வைத்தார்கள். முற்றிக் காய்ந்த விதையின் தோலை உரித்து, பருப்பைப் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்ற வேண்டும். இப்படித் தெளிந்ததை அன்றைக்கே செலவழித்துவிடுங்கள். விதைச் சத்து தண்ணீரில் இருப்பதால் மறுநாள் வாடை வரும். இரண்டும் அகப்படாவிட்டால் படிகாரம். பதினைந்து லிட்டர் குடத்துக்கு ஒரு சிட்டிகைப் பொடி போதும். இரண்டு நிமிஷம் வேகமாகவும் ஐந்து நிமிஷம் மெதுவாகவும் கலக்கிவிட்டு, அசைக்காமல் வையுங்கள். அதிகம் போட்டால் துவர்க்கும்.

படிகாரத்தை மொத்தமாகக் கிணற்றிலேயே கொட்டினால் என்ன என்று கேட்கலாம். தெளியும், சந்தேகமில்லை. தெளிந்ததெல்லாம் அடியில் போய்ப் பஞ்சு மாதிரி உட்காரும். மறுநாள் காலையில் உங்கள் வாளி விழுந்ததும் அத்தனையும் எழுந்து நிற்கும்!

தெளிந்துவிட்டதே என்று மட்டும் குடித்துவிடாதீர்கள். 1854-இல் லண்டனில் பிராட் தெரு என்ற இடத்தில் ஓர் ஆழமில்லாத கிணறும் கைப்பம்பும் இருந்தன. தண்ணீர் ருசியாக இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் பேர். அந்தத் தெருவிலிருந்து குடிபெயர்ந்து ஹாம்ஸ்டெட் என்ற தூரத்துப் பகுதிக்குப் போன ஒரு விதவைத் தாய், அந்த ருசியை மறக்க முடியாமல் தினம் ஒரு புட்டி தருவித்துக் குடித்துவந்தாள். அவளுடைய பிள்ளைகளின் தொழிற்சாலை அதே தெருவில் இருந்ததால் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் ஆகஸ்டு கடைசியில் தெரு முழுவதும் காலரா. ஹாம்ஸ்டெட்டில் காலராவே இல்லை. ஆனால் அந்த அம்மாள் செத்துப் போனாள். அவளைப் பார்க்க வந்து அந்தத் தண்ணீரைக் குடித்த உறவுக்காரப் பெண்ணும் செத்தாள். இதையெல்லாம் விசாரித்து, நோய் தண்ணீரில்தான் வருகிறது என்று காட்டியவர் ஜான் ஸ்னோ என்ற டாக்டர். பிற்பாடு தோண்டிப் பார்த்ததில், கிணற்றிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு வீட்டின் மலக்குழி கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. புட்டியில் அனுப்பிய தண்ணீர் சேறாக இருந்திருந்தால் அந்த அம்மாள் குடித்திருக்கவா போகிறாள்?

ஆகையால் தெளிய வைத்த தண்ணீரை மெல்லிய துணியில் வடித்து, தளதளவென்று கொதிக்க வைத்துத்தான் குடிக்கக் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கழிவுத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே ஐம்பதடி இருக்கிறதா என்று ஒரு தடவை அளந்து பாருங்கள். பட்டணத்து மனையில் ஐம்பதடிக்கு எங்கே போவது என்கிறீர்கள். வாஸ்தவம்தான். அப்படியானால் அந்தத் தண்ணீர் குளிக்க, துவைக்க, செடிக்கு என்று வைத்துக்கொண்டு, குடிக்க வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு, மொட்டை மாடிக் குழாயை நேரே கிணற்றில் இறக்கியிருக்கும் வீடுகள் அநேகம். நல்ல காரியம்தான். ஆனால் முதல் மழை மாடியிலுள்ள புழுதி, காக்கை எச்சம், காய்ந்த இலை அத்தனையையும் கழுவிக்கொண்டு வரும். அதை வெளியே விட்டுவிட ஒரு திருகு குழாயும், நடுவில் மணலும் ஜல்லியும் போட்ட ஒரு வடிகட்டும் தொட்டியும் இல்லாவிட்டால், வருஷா வருஷம் தூர்க்காரருக்குச் சம்பளம் எழுதிவைக்க வேண்டியதுதான். கைப்பிடிச் சுவர் இடுப்பளவாவது இருக்கட்டும். சுற்றிலும் வெளிப்பக்கம் சாய்ந்த சிமெண்டுத் தளமும், தண்ணீர் ஓடக் கால்வாயும் இருக்கட்டும். மேலே கொசு வலை போட்ட மூடி அவசியம். மலேரியாக் கொசு பட்டணத்தில் விரும்பி முட்டையிடும் இடங்களில் கிணறு ஒன்று.

இத்தனையும் செய்து, கிணறு கண்ணாடி மாதிரி ஆன பிறகும் குழாயில் மட்டும் கலங்கல் வருகிறதென்று சில வீடுகளில் அங்கலாய்ப்பார்கள். மாடிக்குப் போய்த் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். பழைய கிணற்றின் சேறு நாலு விரற்கடை கனத்துக்கு அங்கே ஏறி உட்கார்ந்திருக்கும். புதுத் தண்ணீர் ஏற்றுவதற்கு முன்னால் அதைக் கழுவிவிடுங்கள்.